முயலுக்குச் சொந்தக்காரர் இல்லை, நிலத்துக்கு உண்டு

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சு மாகாணமான ரீயூனியன் தீவில் கரும்பு வெட்டு ஜூலையில் தொடங்கி டிசம்பர் வரை நடக்கும். வெட்ட வெட்டத் தோட்டம் குறுகும். அதற்குள் குடியிருந்த முயல்கள் மிச்சமிருக்கும் கரும்புக்குள் ஒதுங்கி ஒதுங்கிப் போய், கடைசி வரிசையில் கத்தி விழும்போது பாய்ந்து வெளியே ஓடும். ஆட்கள் கூவுவார்கள், நாய்கள் துரத்தும். சேந்த் ஆந்த்ரே பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. புதுச்சேரியிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாத இளைஞர் ஒருவர், அப்படி ஓடிய முயல் ஓடைச் சரிவில் இறங்கி மறைவதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அண்ணா, இந்த ஓடை புறம்போக்குதானே? இங்கே ஒரு கண்ணி வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்?"

கேட்பார்கள். யார் கேட்பார்கள், எந்த உரிமையில் கேட்பார்கள் என்பதை அவருக்கு விளக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் தேவைப்பட்டது. இங்குள்ள நம்மவர்களில் பலர் இதே எண்ணத்தில் இருப்பதால் அதை விரிவாக எழுதிவைக்கிறேன்.

சிக்கல் 'புறம்போக்கு' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. தீர்வை விதிக்கும் கணக்குக்குப் புறத்தே போன நிலம் என்பதுதான் அதன் பொருள். மேய்ச்சல் நிலம், ஏரி, குளம், ஓடை, சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். வரி இல்லை என்பதால் ஆளும் இல்லை என்று நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நினைத்துக்கொண்டோம். மாட்டை அவிழ்த்துவிட்டோம், சுள்ளி பொறுக்கினோம், முயல் பிடித்தோம். அங்கேகூட அந்த நிலம் அரசுக்குச் சொந்தமானதுதான். ரீயூனியனுக்கு வரும்போது இந்தச் சொல்லையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். இங்கே அதற்கு ஈடான நிலம் ஓர் அடிகூடக் கிடையாது.

பிரெஞ்சுச் சட்டத்தின் அடிப்படை இதுதான்: காட்டு விலங்கு எவருக்கும் சொந்தமல்ல. ஓடும் முயலுக்கு உடைமையாளர் இல்லை, பிடித்தவருடையதாகும் வரை அது யாருடையதும் அல்ல. ஆனால் அந்த முயலைத் தேடிப் போகும் உரிமை நிலத்தோடு ஒட்டியது. சுற்றுச்சூழல் சட்டத்தொகுப்பு இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. உரிமையாளரின் அல்லது அவரிடமிருந்து உரிமை பெற்றவரின் சம்மதம் இல்லாமல் பிறருடைய நிலத்தில் வேட்டையாடும் அதிகாரம் எவருக்கும் இல்லை. 'பிறர்' என்பதில் தோட்டக்காரர் மட்டுமல்ல, அரசும் மாகாணமும் ஊராட்சியும் அடங்கும் என்பதை நம்மவர்கள் கவனிப்பதில்லை. இங்கே ஊராட்சியைக் கொம்யூன் என்போம், அதன் அலுவலகம் மேரி.

ஆகவே இரண்டு உரிமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று நிலத்தின் வழியாக வருவது, இந்த இடத்தில் வேட்டையாடலாம் என்பது. மற்றது ஆளின் வழியாக வருவது, இந்த ஆள் வேட்டையாடத் தகுதி பெற்றவர் என்பது. இரண்டாவதைத்தான் இங்கே 'பெர்மி' என்கிறோம். பிரெஞ்சுப் பல்லுயிர் அலுவலகம் நடத்தும் தேர்வில் எழுத்தும் செய்முறையும் தேறினால் பெர்மி வாழ்நாள் முழுவதற்கும் கிடைக்கும். ஆனால் ஆண்டுதோறும் வேட்டைக்காரர் கூட்டமைப்பு வழியாகப் பணம் கட்டி அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். அந்த ஆண்டுக் கணக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. விபத்துக்கான காப்பீடு கட்டாயம், வயது 16 நிறைந்திருக்க வேண்டும். பெர்மி கையில் இருந்தும் நிலத்துக்காரரின் சம்மதம் இல்லை என்றால் குற்றம். சொந்த நிலமே இருந்தும் பெர்மி இல்லை என்றால் அதுவும் குற்றம். இரண்டுமே ஐந்தாம் வகுப்புச் சிறுகுற்றம், அபராதம் 1,500 யூரோ வரை போகலாம்.

துப்பாக்கி எடுக்கவில்லையே, நாய் மட்டும்தானே போனது என்று நம்மவர்கள் வாதிடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சட்டத்தில் வேட்டை என்பதற்கு ஆயுதம் தேவையில்லை. விலங்கைப் பிடிக்கும் அல்லது கொல்லும் நோக்கத்தோடு தேடுவது, துரத்துவது, காத்திருப்பது எல்லாமே வேட்டைச் செயல்கள். கையில் ஒரு கம்போடு, காலடியில் இரண்டு நாயோடு, முயல் வரும் தடத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும். தாங் என்று தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லப்படும், மடகாஸ்கரிலிருந்து கொண்டுவரப்பட்ட முள்மயிர் விலங்கை இங்கே நாயும் மண்வெட்டியுமாகத்தான் காலங்காலமாகப் பிடிக்கிறார்கள். அதற்கும் பெர்மி வேண்டும், பருவம் உண்டு. மலைச்சரிவுக் குடும்பங்களில் இதனால் வரும் மனக்கசப்பை நான் அறிவேன். தாத்தா செய்ததை நான் செய்தால் எப்படிக் குற்றம் என்று அவர்கள் கேட்கும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

'பொது' என்று நாம் நினைக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் சட்டத்தின் பின்னல் தெரியும்.

முதலில் அந்த ஓடை. இங்கே அதை ராவின் என்பார்கள். ஆண்டில் பாதி நாள் கல்லும் மணலுமாகக் காய்ந்து கிடக்கும், புயல் வந்தால் கரைபுரளும். அதன் ஓரத்தில்தான் நம் முன்னோர் சிறு கோயில்கள் கட்டினார்கள், அங்கேதான் குளித்துக் கரகம் எடுக்கிறோம். அதனால் அது ஊர்ச்சொத்து என்ற உணர்வு நமக்கு ஆழமாக இருக்கிறது. ஆனால் பிரான்சின் கடல்கடந்த மாகாணங்களில் ஆறுகளும் ஓடைகளும் அரசின் பொதுவுடைமை. நடக்கலாம், வழிபடலாம். வேட்டை உரிமை மட்டும் அரசின் கையில்தான் இருக்கிறது, அதை அரசு குத்தகைக்கு விடலாம். குத்தகை எடுக்காதவர் அங்கே கண்ணி வைத்தால், தனியார் தோட்டத்தில் வைத்ததற்கு ஒப்பானதுதான்.

அடுத்தது கடற்கரை. மன்னர் காலத்திலிருந்தே கரையோரம் 50 பா (பழைய பிரெஞ்சு நடை அளவு) அகலம், அதாவது ஏறத்தாழ 81 மீட்டர், அரசுக்கென ஒதுக்கப்பட்ட பட்டை. பழைய ஆட்கள் அதை 'ராஜாவின் அடிகள்' என்ற பொருள் தரும் பெயரால் இன்றும் சொல்கிறார்கள். அங்கே குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் பலர், அதனாலேயே அது ஆளில்லா நிலம் என்ற பேச்சும் பரவியது. அதுவும் அரசின் நிலம்தான்.

மலைமேல் காடு இன்னும் விசித்திரமானது. 2,512 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவில் பெரும்பாலான காடு ஒரு கலப்பு உடைமைக்குள் இருக்கிறது. மண்ணின் உடைமை மாகாணத்துக்கு, அனுபவிக்கும் உரிமை அரசுக்கு. அரசின் சார்பில் தேசிய வன அலுவலகம் நிர்வகிக்கிறது. வேட்டைக்கென்று பகுதிகளைப் பிரித்துக் குத்தகையாகவோ அனுமதிச் சீட்டாகவோ தருவதும் அந்த அலுவலகம்தான். இதற்கு மேல் 2007 மார்ச் 5 அன்று தேசியப் பூங்கா வந்தது. தீவின் பரப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி அதன் மையப் பகுதியாயிற்று, அங்கே பூங்காவின் தனி விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. மூங்கில் புதருக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் இன்னொரு விதி என்பது சில இடங்களில் மிகையல்ல. வரைபடத்தைப் பார்க்காமல் மலைக்கு நாயோடு போகாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இவை எல்லாவற்றையும்விட நம் குடும்பங்களை நேரடியாகத் தொடுவது வேறொரு பொதுநிலம். தாத்தா பெயரில் பத்திரம், பாகம் பிரிக்கவே இல்லை, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் என்று முப்பது நாற்பது பங்காளிகள், அவர்களில் பாதிப்பேர் பாரிசிலும் லியோனிலும். ரீயூனியனில் இப்படிக் கிடக்கும் நிலம் ஏராளம். 2018 டிசம்பர் 27 அன்று வந்த சட்டம், வாரிசுரிமை தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆன இப்படிப்பட்ட சொத்துக்களை, பாதிக்கு மேற்பட்ட பங்குள்ளவர்கள் ஒப்பினால் நோத்தேர் முன்னிலையில் விற்கவோ பிரிக்கவோ வழி செய்தது. நோத்தேர் என்பது இங்கே பத்திரம் எழுதும் சட்ட அலுவலர். ஆனால் பிரியாத வரையில் வேட்டைச் சம்மதம் யார் தருவது? "எங்கள் பெரியப்பா சொல்லிவிட்டார்" என்பது போதாது. ஒரு பங்காளி வெளியாளுக்குக் கொடுக்கும் வாய்ச்சொல் மற்றப் பங்காளிகளைக் கட்டாது. பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த இன்னொரு பங்காளி புகார் கொடுத்தால் அந்தச் சம்மதம் காற்றில் போய்விடும். சம்மதம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தாலும் எழுதி வாங்குங்கள், நிலத்தின் எண்ணையும் தேதியையும் போட்டு வாங்குங்கள்.

வேலி இல்லாத தனியார் நிலம் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரி 2 நாளிட்ட சட்டத்துக்குப் பிறகு, தனியார் நிலம் என்று கண்ணால் காணும்படி குறியிட்டிருந்தால், கிராமப்புற நிலத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே அபராதத்துக்குரியது. முன்பு நடந்து போவதற்கு மட்டும் இவ்வளவு கண்டிப்பு இல்லை.

நிலத்தை இப்படி இறுக்கிப் பிடித்த சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் வேர் ஒரு விடுதலையில் இருக்கிறது. 1789 ஆகஸ்ட் 4 இரவில் பிரெஞ்சு மக்கள் பேரவை பிரபுக்களின் தனிச்சலுகைகளை ஒழித்தபோது, ஒழிக்கப்பட்டவற்றில் முயலும் இருந்தது. பிரபுக்கள் திறந்த வெளியில் முயல் வளைகள் வைத்திருந்தார்கள். அந்த முயல்கள் குடியானவர்களின் பயிரைத் தின்றன. குடியானவர் தொடக்கூடாது, தொட்டால் தண்டனை. வேட்டையாடும் தனியுரிமையும் அந்தத் திறந்த வளைகளும் ஒழிக்கப்பட்டன, ஒவ்வொரு நில உடைமையாளரும் தன் நிலத்தில் மட்டும் வேட்டை விலங்குகளை அழிக்கலாம் என்று ஆயிற்று. பசித்த மக்களுக்குப் பெரிய வெற்றி. ஆனால் உற்றுப் பாருங்கள், உரிமை கிடைத்தது நிலம் உள்ளவருக்கு. நிலம் இல்லாதவர் அன்றும் வெளியில்தான் நின்றார்.

ரீயூனியனில் அந்த வெளியில் நின்றவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். 1723இல் இந்தத் தீவுக்கென்று வந்த அடிமைச் சட்டம் அடிமைகள் ஆயுதம் ஏந்தக்கூடாது என்றது, எஜமான் வேட்டைக்கு அனுப்பினால் மட்டும் விலக்கு. வேட்டை அனுமதி என்பது இந்த மண்ணில் எஜமான் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டாகத்தான் தொடங்கியது. 1848 டிசம்பர் 20 அன்று அடிமைமுறை ஒழிந்தபின் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட நம் முன்னோர் அடிமைகள் அல்லர். ஆனாலும் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் நாடோடி என்று பிடிக்கப்பட்டார்கள். அவர்கள் கரும்பு நட்ட மண் முதலாளியுடையது. கொலோன் என்ற வாரக்குடியாக ஆன பிறகும் பத்திரம் அவர்கள் பெயரில் இல்லை. இறைச்சி வாங்கக் காசில்லாத வீட்டில், கரும்புக்குள் ஓடிய முயலும் மலையில் தோண்டிய தாங்கும் சட்டியில் விழுந்தது திருட்டுப் புத்தியால் அல்ல. மலைக் குடும்பங்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்று நான் சொன்னது இதனால்தான். தாத்தா செய்ததும் அன்றைய சட்டப்படி அனுமதிக்கப்பட்டதாக இருந்திராது. கண்டும் காணாமல் விடப்பட்டது, அவ்வளவுதான்.

முயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் ஓடும் முயல் நம் ஊர் முயலேதான். பிடரியில் கறுப்புத் திட்டுள்ள, தமிழ்நாட்டு வரப்புகளில் ஓடும் அந்த இனத்தைக் காலனிக் காலத்தில் கொண்டுவந்து விட்டார்கள். மொரீசியசிலும் அதுவே இருக்கிறது. நாமும் அதுவும் ஒரே கரையிலிருந்து கப்பலேறியவர்கள் என்று எண்ணும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. ஆனால் கடலைத் தாண்டியதும் அதன் சட்டநிலை தலைகீழாகிவிட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம், விதியை மீறிக் கொன்ற முயல் அரசின் சொத்து. ரீயூனியனில் அது பருவம் குறித்து வேட்டையாடக்கூடிய விலங்கு, உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் சொந்தமல்ல. சட்டம் மீறிப் பிடித்தவருக்கும் அது சொந்தமாகிவிடுகிறது என்பதே பிரெஞ்சு நீதிமரபு. முயல் உங்களுடையதாகும், குற்றமும் உங்களுடையதாகும்.

தமிழில் முயல் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடக்கும் இரண்டு விலங்குகளைப் பிரெஞ்சு பிரித்துப் பேசுகிறது. வளை தோண்டி வாழ்வது லப்பேன், வெட்டவெளியில் படுப்பது லியேவ்ர். இங்கே ஓடுவது இரண்டாவது. லப்பேன் பெரும்பாலும் கூண்டில் வளர்ப்பது, அதற்கு உடைமையாளர் உண்டு, பிடித்தால் அது திருட்டு. கூண்டு முயலைக் காட்டில் அவிழ்த்துவிட்டுப் பிறகு வேட்டையாடலாம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அயல் உயிரினங்களை இயற்கையில் விடுவதற்குத் தனித் தடையே இருக்கிறது.

லப்பேன் பற்றிக் குடிமையியல் சட்டத்தொகுப்பில் ஒரு பழைய விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவரின் வளையிலிருந்து முயல்கள் இன்னொருவரின் வளைக்குப் போய்விட்டால் அவை புதிய இடத்துக்காரருக்குச் சொந்தம், ஏமாற்றியோ தந்திரத்தாலோ ஈர்க்கப்படாமல் இருந்தால். விலங்குக்கு எல்லைக்கல் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, மனிதனின் சூழ்ச்சியை மட்டும் தடுக்கும் விதி இது. எல்லைக்கல் தெரியாததன் விளைவை 1952இல் பிரான்ஸ் கண்டது. அர்மான் தெலீல் என்ற மருத்துவர் மாய்புவா என்ற ஊரில் மதிலுக்குள் இருந்த தன் தோட்டத்தில் முயல் தொல்லை தாங்காமல் முயல்களைக் கொல்லும் மிக்சோமா நச்சுயிரை இரண்டு முயல்களுக்குள் செலுத்திவிட்டார். தன் நிலம், தன் மதில், தன் முயல்கள் என்று எண்ணினார். நோய் மதிலைத் தாண்டிச் சில ஆண்டுகளில் நாட்டின் காட்டு முயல்களில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொன்று, அண்டை நாடுகளுக்கும் போயிற்று. நீதிமன்றம் அவருக்கு 5,000 பிராங்கு அபராதம் விதித்தது, உழவர்கள் நன்றி பாராட்டினார்கள், வேட்டைக்காரர்கள் சபித்தார்கள். நில உரிமையை முயலின் மேல் ஏற்றிப் பார்ப்பதன் எல்லை எது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

இனி அந்த இளைஞர் கேட்ட கண்ணி. நிலத்துக்காரர் ஒப்பினாலும், பெர்மி இருந்தாலும், கண்ணி கூடாது. பெர்மி தருவது பகலில் துப்பாக்கியால் சுடவோ, வேட்டை நாய்களைக் கொண்டு துரத்தவோ, பருந்து முதலிய பறவைகளைக் கொண்டு பிடிக்கவோ உள்ள உரிமை. விதிகள் தனித்து அனுமதித்தவை தவிர மற்ற வழிகள் தடை. பகல் என்பதற்கும் கணக்கு உண்டு, மாகாணத் தலைநகரில் சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கி, மறைந்த ஒரு மணி நேரத்துக்குப் பின் முடியும். இங்கே தலைநகர் சேன் தெனி. மலை இடுக்கில் உங்களுக்கு முன்பே இருட்டிவிட்டாலும் கணக்கு சேன் தெனியின் சூரியனுக்குத்தான். இரவில் விளக்கடித்து முயலின் கண்ணைக் கூசவைத்துப் பிடிக்கும் நம் ஊர் வழக்கம் இங்கே கடுமையான குற்றம். பருவம் தொடங்கும், முடியும் தேதிகளை ஆண்டுதோறும் ப்ரெஃபே, அதாவது மாகாணத்தில் அரசின் பிரதிநிதி, ஆணையாக வெளியிடுகிறார். மேரியில் ஒட்டியிருப்பார்கள், படித்துவிட்டுப் போக வேண்டும்.

நாய் வைத்திருப்பவர்களுக்குச் சட்டம் ஒரு சிறு கருணை காட்டுகிறது. உரிமையுள்ள நிலத்தில் கிளப்பிய விலங்கைத் துரத்திக்கொண்டு வேட்டை நாய் பக்கத்து நிலத்துக்குள் ஓடிவிட்டால், அதை மட்டும் வைத்துக் குற்றம் என்று கொள்ளாமல் இருக்கலாம். நாயைத் தூண்டிவிட்டவர் பின்னாலேயே போனால் கதை வேறு.

நிலத்துக்காரரின் சம்மதம் கிடைக்காதபோது, நிலமில்லாத குடும்பங்கள் சட்டத்துக்கு உட்பட்டு வேட்டையாட இன்று உள்ள நடைமுறை வழி சங்கமாகச் சேர்ந்து குத்தகை எடுப்பது. பிரான்சின் பெருநிலப்பரப்பில் 1964ஆம் ஆண்டின் வெர்தெய் சட்டம் சிறு நிலங்களைக் கொம்யூன் அளவிலான சங்கங்களில் ஒன்றுசேர்த்தது. வேட்டையை மனச்சான்றால் எதிர்ப்பவரின் நிலத்தையும் அப்படிச் சேர்ப்பது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தபின், அவர்கள் விலகிக்கொள்ளவும் வழி வந்தது. பிரான்சின் கிழக்கிலுள்ள அல்சாசில் கொம்யூனே ஊர் நிலம் முழுவதின் வேட்டை உரிமையையும் ஒன்பது ஆண்டுக்குக் குத்தகை விடுகிறது. இங்கே மலையடிவாரக் கொம்யூன்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை உள்ளூர்ச் சங்கங்களுக்குக் குறைந்த தொகைக்கு விட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தேர்வுக்கான பயிற்சியைக் கிரியோலில் நடத்த வேண்டும், வாய்ப்புள்ள இடத்தில் தமிழிலும் விளக்க வேண்டும். தண்டத்தை மட்டும் முன்னே நீட்டிக்கொண்டிருந்தால், நாயோடு இரவில் போகிறவர் போய்க்கொண்டுதான் இருப்பார், முயலும் பருவம் பாராமல் குட்டிக்காலத்திலும் சாகும்.

அந்த இளைஞரை மறுவாரம் ஓடைக்கு மேலே கரும்பு போட்டிருக்கும் பெரியவரிடம் அழைத்துப் போனேன். நிலம் அவருடைய சொந்தப் பத்திரம், பங்காளி இல்லை. கேட்டதும் சிரித்தார். முயல் இளங்குருத்தைக் கடித்துப் பாழாக்குகிறது, வெட்டு முடிந்தபின் தாராளமாக வரலாம், ஆனால் ஓடைக்குள் இறங்கினால் தான் பொறுப்பல்ல என்றார். பிறகு, "பெர்மி எங்கே தம்பி?" என்று கேட்டார். இவர் இன்னும் தேர்வுக்குப் பெயரே கொடுக்கவில்லை என்று தெரிந்ததும், எழுத எடுத்த பேனாவைச் சட்டைப் பையில் திரும்பச் செருகிக்கொண்டார்.